கல்லில் மட்டுமே மிஞ்சிய வீடுகள்

பெங்களூர் தொம்மலூர் மேம்பாலத்தில் வண்டிகள் ஓய்வதே இல்லை. அதை விட்டு விலகிப் பழைய ஊருக்குள் நுழைந்தால் குறுகலான தெருக்கள், ஒன்றையொன்று உரசி நிற்கும் கான்கிரீட் மாடிகள். நடுவே சொக்கநாத சுவாமி கோயில். பெயரைக் கேட்டு மதுரைச் சிவனைத் தேடிப் போகிறவர்கள் திகைப்பார்கள். கருவறையில் நிற்பவர் பெருமாள். தேவியர் இருவர் துணையுடன்.

சோழர் காலத்தது எனக் கருதப்படும் இக்கோயிலின் கற்களில் இருப்பது தமிழ். தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என்று அவை ஊரை அழைக்கின்றன. சாமி, சொக்கப்பெருமாள். 1270ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் செய்து கொடுத்ததைச் சொல்கிறது. இன்னொன்று, ஒரு தம்பதி ஜலப்பள்ளியில் நிலம் கொடுத்த செய்தி. 1290இல் தொம்மலூர் வருவாயிலிருந்து பத்துப் பொன் தந்தவர் ஹொய்சள மன்னர் வீர ராமநாதன். அவருடைய ஆட்சி இதுவரை எட்டியிருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் இரண்டாம் தேவராயர் காலத்தில் ஊரின் வீடுகள், கிணறுகள், நிலங்கள் எல்லாம் பெருமாளுக்கு என்று எழுதப்பட்டது.

அந்த வீடுகள் எங்கே? ஒன்றுகூட இல்லை.

காரணம் கல்லிலேயே இருக்கிறது. பெங்களூரின் அடியில் கிடப்பது நைஸ் எனும் பாறை. லால்பாக் குன்றில் தலைகாட்டும் அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். வரிசையாகக் குழியிட்டு, ஆப்பு அடித்து, பிளந்தெடுக்க வேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி கொடுக்கக் கோயிலால் முடிந்தது. குடியானவனுக்கு மண்சுவரும் கூரையும்தான்.

இங்கிலாந்தின் பாத் நகரில் கதை வேறு. அங்கே கிடைப்பது ரம்பத்தால் அறுக்கக்கூடிய, தேன் நிறச் சுண்ணாம்புக் கல். அதனால் குடியிருப்புகளே கல்லில் எழுந்தன. 1767க்கும் 1774க்கும் இடையே ஜான் வுட் என்ற இளையவர் கட்டிய ராயல் கிரசென்ட்டில், பிறை வடிவில் 30 வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. முகப்பு எல்லாருக்கும் ஒன்றே. பின்பக்கம் அவரவர் வசதிப்படி. உயர்ந்தபட்சச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற வரிசை அது. அங்கே வீட்டையே பார்க்கலாம்.

தொம்மலூரில் வீட்டைப் பற்றிய எழுத்தை மட்டுமே பார்க்கலாம். பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை பி.எல். ரைஸ் 1905இல் தொகுத்து அச்சிட்டார். ஆனால் அச்சு வேறு, கல் வேறு. திருப்பணி என்ற பெயரில் ஒரு கை பெயின்ட் பூசினால் எழுத்து மறையும். மெருகேற்றும் இயந்திரம் ஓடினால் அடியோடு போகும்.

புது வீட்டுக்கு நிலை வைக்கும் நாளில் மஞ்சளும் குங்குமமும் இடுவது நம் வழக்கம். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அழகியார் நிலை வைத்தது பெருமாள் வீட்டுக்கு. அவர் குடியிருந்த வீடு எதுவென்று யாருக்கும் தெரியாது. அவர் இந்த ஊரில் நிலைத்தது அந்த இரண்டு கால்களால்தான்.