கடலைப் பொடியும் முறமும்

சோற்றுக்கு வேறொன்றும் இல்லாத வேளையில் நம்மவர் கை முதலில் நாடுவது பொடிச் சாடியையே. தோட்டத்து லயத்திலாயினும் சரி, பட்டணத்து அடுக்கு வீட்டிலாயினும் சரி, நிலக்கடலையும் மிளகாயும் பூண்டும் உப்பும் சேர்த்து இடித்த பொடி ஒரு சாடியில் இருக்குமாயின் அவ்வீட்டில் ஒருவரும் வெறுஞ்சோறு உண்ண வேண்டியதில்லை. விடியுமுன் வெளிக்காட்டுக்குப் புறப்படுவோர் பழஞ்சோற்றோடும், பள்ளி செல்லும் பிள்ளை தோசையோடும், பல்லில்லாத பாட்டி குழைந்த சோற்றோடும் உண்ணத்தக்க பண்டம் இதனினும் மலிவாக வேறு யாதுளது? இத்தகைய எளிய பொருளைப் பற்றி இலக்கிய அனுபந்தத்தில் எழுத வேண்டுமோ எனச் சில அன்பர்கள் நகைக்கக்கூடும். நாடோறும் நம் வயிற்றினுட் செல்வதைப் பற்றி எழுதாமல் வேறெதைப் பற்றி எழுதுவது?

இப்பொடியைப் பரம்பரைப் பண்டம் என்று பெருமையோடு கூறுவோர் உளர். பெருமை கொள்ளட்டும், ஆயினும் பரம்பரை என்பது எவ்வளவு தூரம் என்பதைச் சிறிது பார்த்தல் நலம். நிலக்கடலை தென்னமெரிக்காவிற் பிறந்த பயிர். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தது. போர்த்துக்கேயர் கப்பல்கள் வந்த பின்னரே நம் நாட்டார் அதனை அறிந்தனர். பெருங்காயம் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவது. தென்னாற்காட்டு மக்கள் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்றும், அது சிதைந்து மல்லாட்டை என்றும் வழங்குகின்றனர். மணிலா பிலிப்பைன் தீவுகளின் தலைநகர் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. வந்த வழியைப் பெயரே சொல்லிவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் அவ்வட்டாரத்திலே இப்பயிர் பெருகி, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு தேசத்துக்கு எண்ணெய்க்காக ஏற்றுமதியாயிற்று. ஆற்காட்டுச் சீமையிலிருந்தும் சேலம், திருச்சி, தஞ்சை முதலிய ஜில்லாக்களிலிருந்தும் மலாயாவுக்குக் கப்பலேறிய நம் முன்னோர் பலர் கடலையையும் பொடியையும் நன்கறிந்தவர்கள். ஆகவே, ஊர்விட்டு ஊர் வந்த மக்கள் ஊர்விட்டு ஊர் வந்த பண்டங்களைக் கொண்டு செய்த பொடி இது. இதில் குறைவொன்றுமில்லை.

நம் வீட்டுப் பொடியை ஒருவகை ஏளனத்தோடு நோக்கும் ஆங்கிலம் படித்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. எகிப்து தேசத்திலும் இவ்வாறே ஒரு பொடி உண்டு. அதன் பெயர் துக்கா; இடித்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. எட்வர்டு வில்லியம் லேன் என்னும் ஆங்கிலேயர் எகிப்தியரின் பழக்க வழக்கங்களைப் பற்றி 1836-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதனைக் குறிப்பிட்டுள்ளார். கொத்தமல்லி விதை, எள், கொண்டைக்கடலை, சீரகம், உப்பு முதலியவற்றில் கைக்கு எட்டியவற்றை இடித்து, அப்பத்தைத் தொட்டு உண்பது வறியோர் வழக்கமாயிருந்தது. இன்று அதே துக்கா விலையுயர்ந்த கொட்டைகள் சேர்க்கப்பட்டு, அழகிய புட்டிகளில் அடைக்கப்பட்டுப் பெரிய கடைகளில் விற்கப்படுகிறது. அதனை வாங்கி வந்து மெச்சுவோர் தம் தாயாரின் சாடியைத் திறந்து பார்த்ததுண்டோ?

பண்டங்கள் அனைத்தும் பிற நாட்டினவாயின், நம்முடையதென்று இப்பொடியில் மிஞ்சுவது யாது? அதற்கு விடை எங்கள் வீட்டு முறத்தில் இருக்கிறது. என் அன்னையார் கடலையை வாங்கி வந்தவுடன் அடுப்பை மூட்டமாட்டார். முறத்திலே பரப்பி, வெளிச்சத்தில் அமர்ந்து, ஒவ்வொன்றாய்த் தள்ளித் தெரிவார். சுருங்கியது, உடைந்தது, தோல் கறுத்தது, பச்சைப் பூசணம் பூத்தது, புழு அரித்தது, முளை கண்டது என்று ஒரு கிலோவில் ஒரு கைப்பிடியாவது வெளியே போகும். மலிவுக் கடலையாயின் இரண்டு கைப்பிடி. பக்கத்து வீட்டு இளம்பெண் ஒருமுறை அதைக் கண்டு மனம் பொறாதவளாய், “என்ன அத்தை, இவ்வளவையும் எறிகிறீர்களே! காசு கொடுத்து வாங்கியதல்லவா?” என்றாள். அன்னையார் தலை நிமிராமலே, “காசு கொடுத்தது நல்ல கடலைக்குத்தானே, தாயி. இது கடைக்காரன் கணக்கில் ஏறிவிட்ட குப்பை. வயிற்றின் கணக்கிலும் ஏற்ற வேண்டுமா?” என்றார். கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு அவ்விடை மிகவும் பிடித்திருந்தது.

இந்நாட்டில் நம்மவர் பெயரோடு கடலை ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் கச்சாங் பூத்தே வியாபாரிகள். தலையிலே தட்டைச் சுமந்து, சினிமாக் கொட்டகை வாயிலில் நின்று, காகிதக் கூம்பிலே வறுகடலை அளந்து கொடுத்த அவர்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஈப்போவை அடுத்த புந்தோங்கில் அத்தொழிலாலேயே பெயர்பெற்ற ஒரு குடியிருப்பு உண்டு. அவ்வியாபாரத்தில் ஒரு நேர்மை இருந்தது. கடலை முழுதாயிருக்கும், வாங்குவோன் கண்ணுக்குத் தெரியும், சொத்தையொன்று வாயில் அகப்பட்டால் துப்பிவிடலாம். பொடியோ அப்படியன்று. நல்லதும் கெட்டதும் ஒன்றாய் இடிபட்ட பிறகு எந்தக் கண்ணும் அவற்றைப் பிரித்தறியாது. மிளகாயின் காரமும் பெருங்காயத்தின் வாசனையும் கசப்பையுங்கூட ஓரளவு மறைத்துவிடும். ஆகையால் பொடி செய்வதில் தெரிவதே முதல் வேலை. இடிப்பது அதற்குப் பிற்பட்டது.

இது வெறும் சுவையைப் பற்றிய பேச்சன்று. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்திலே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணந் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, அவற்றுக்கு இட்ட தீனியில் பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு இருந்ததும், அதிற் படிந்த ஒருவகைப் பூசணம் நஞ்சை உண்டாக்கியிருந்ததும் தெரியவந்தன. அந்நஞ்சுக்கு அஃப்லாடாக்ஸின் என்று பெயரிட்டனர். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில், சரியாக உலர்த்தப்படாத கடலை, சோளம் முதலிய தானியங்களில் அப்பூசணம் செழித்து வளரும். நாம் வாழும் நாடோ ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும் உடையது. இந்நஞ்சு சிறிது சிறிதாய் நெடுங்காலம் உடலிற் சேருமாயின் கல்லீரலில் புற்றுநோயை விளைவிக்கும். மஞ்சட்காமாலைக் கிருமிகளுள் ‘பி’ வகை ஏற்கெனவே உள்ளவர்க்கு அபாயம் பன்மடங்கு. மிகுதியாய் ஒரே வேளையில் உட்சென்றால் உயிரையே குடிக்கும். 1988-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பேராக் மாநிலத்திலே, லோ சீ ஃபன் என்னும் அரிசிமாவு உணவை உண்டபின் 13 சிறுவர் சிறுமியர் இறந்த கொடுமையை ஈண்டு நினைவூட்டுகிறேன். அக்குழந்தைகளின் உடலுறுப்புகளைச் சோதித்தவர்கள் இந்த நஞ்சையே கண்டனர். அங்கே கடலை சம்பந்தப்படவில்லை. ஆனால் நஞ்சு ஒன்றே.

வறுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பூசணம் வறுபட்டு இறக்கும். அது விட்டுச்சென்ற நஞ்சோ சூட்டினாற் சிறிது குறையுமேயன்றி முற்றும் அழியாது. கழுவினாலும் போகாது. பார்வைக்கு நன்றாயிருக்கும் கடலையிலும் எப்போதாவது அது மறைந்திருக்கலாம் என்பது உண்மையே. எனினும் அதன் பெரும்பகுதி சுருங்கியவற்றிலும் நிறம் மாறியவற்றிலும் உடைந்தவற்றிலுமே தங்கியிருப்பதாக ஆராய்ச்சியாளர் கூறுவர். பெரிய ஆலைகளில் இயந்திரக் கண்களைக் கொண்டு செய்யும் காரியமும் இதுவே: நிறம் மாறிய கடலையைத் தள்ளிவிடுதல். எழுத்தறியாத நம் பாட்டிமார் முறத்தோடு செய்துவந்தது அதனின் வேறன்று.

தள்ளிய கடலையை என் செய்வது? கோழிக்கு இடுவது நம் லயங்களில் வழக்கம். அது தகாது. முதலில் மாண்டவை வான்கோழிகள் என்பதை மேலே கண்டோம். வாத்துக் குஞ்சுகளோ அவற்றினும் எளிதில் மடியும். மாடு வளர்ப்போரும் கவனிக்க வேண்டும். பூசணம் பிடித்த பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் அந்நஞ்சின் மாற்றுருவம் இறங்குகிறது. கெட்ட கடலையைக் குழிதோண்டிப் புதைத்துவிடுவதே முறை. மலிவாகக் கிடைக்கிறதென்று உடைந்த கடலையை மூட்டையோடு வாங்குவதும் வேண்டாம். அரைக்கிலோ நல்ல கடலை ஒரு குடும்பத்துக்குச் சில வாரங்களுக்குப் போதும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ‘ஆகவே பெண்மணிகளே, கவனமாய்த் தெரியுங்கள்’ என்று முடித்துவிடுவது ஆண்களாகிய நமக்கு எளிது. காலையில் வேலைக்குச் சென்று, மாலையில் சமைத்து, இரவிலே விளக்கொளியில் முறத்தையும் மடியில் வைத்துக்கொள் என்று ஒரு பெண்ணுக்கு உபதேசிப்பது என்ன நியாயம்? என் அன்னையாருக்கு இரு கண்களிலும் புரை விழுந்து பார்வை மங்கிவிட்டது. விரலால் உருட்டி, எடையும் சுருக்கமும் பார்த்துப் பாதியைத் தள்ளுகிறார். நிறம் மட்டும் அவருக்குப் புலப்படுவதில்லை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் அஞ்சடியில் முறத்தோடு அமர்வது என் வேலையாயிற்று. அவ்வழியே சென்ற மண்டோர் ஒருவர், “என்ன கிராணியாரே, வீட்டில் அம்மா இல்லையா?” என்றார். “இருக்கிறார், ஐயா. அவருக்குக் கண் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது,” என்றேன். அவர் சிறிது நின்றார். பிறகு குனிந்து, நான் விட்டுவிட்ட ஒரு கறுப்புக் கடலையைப் பொறுக்கி என் கையிற் கொடுத்துவிட்டுப் போனார்.

இனிச் செய்முறை. தெரிந்த கடலை அரைக்கிலோவை இரும்புச் சட்டியில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். தோல் வெடித்து, விரலால் நசுக்கினால் கழன்று, உள்ளே இளம்பொன் நிறங் காணும்போது இறக்கலாம். பெருந்தீயில் வறுத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாய் நிற்கும். நன்கு ஆறிய பின் துணியில் இட்டுத் தேய்த்துத் தோலைப் புடைத்துவிட வேண்டும். இவ்விடத்தில் இரண்டாம் முறை தெரிதல் அவசியம். தோல் இருக்கையில் நல்லதாய்த் தோன்றிய கடலை, தோல் நீங்கியபின் பழுப்பாயும் புள்ளியாயும் தன் குணத்தைக் காட்டும். இரு பருப்புகளுக்கும் இடையே பூசணம் ஒளிந்திருப்பதும் அப்போதே தெரியும். வறுத்துத் தோலுரித்த கடலையைக் கடையில் வாங்குவோர் முதல் தெரிவைக் காணும் வாய்ப்பை இழந்துவிடுகின்றனர்.

அதே சட்டியில் 50 கிராம் உளுத்தம்பருப்பைச் சிவக்க வறுத்து, காய்ந்த மிளகாய் 15, கொத்தமல்லி விதை 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்தெடுக்க வேண்டும். சீரகம் நொடியில் கருகும். அதனைக் கடைசியில், சட்டியின் சூட்டிலேயே புரட்டினாற் போதும். சுண்டைக்காயளவு பெருங்காயத்தை மொறுமொறுவெனப் பொரிய விடுக. தோலோடு தட்டிய பூண்டு 12 பல்லும், கொட்டையும் நாரும் நீக்கிய நெல்லிக்காயளவு புளியும், கழுவி நிழலில் முழுதும் உலர்த்திய கறிவேப்பிலை இரண்டு கைப்பிடியும் ஈரம் அறவே வற்றும்வரை சூட்டில் இருக்கட்டும். ஈரமே இப்பொடிக்குப் பகை.

இடிக்கும்போது வரிசை முக்கியம். மிளகாயும் உப்பும் முதலில். பிறகு மல்லி, சீரகம், உளுந்து, பெருங்காயம். பின்னர் புளி, கறிவேப்பிலை, பூண்டு. கடலை கடைசியில். கடலையின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். அதை மிகுதியாய் இடித்தால் பொடி விழுதாகிவிடும். கல்லுரலில் பத்துப் பதினைந்து குத்துப் போதும். அங்கங்கே பல்லில் அகப்பட வேண்டும். பிளெண்டர் என்று நாம் வழங்கும் மின்சார அரைப்பானாயின் விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். அதன் சூட்டிலேயே எண்ணெய் கக்கும். உப்பு முதலில் 2 தேக்கரண்டி. குறைந்தால் பின்னர் சேர்க்கலாம். அன்னையார் கண்ணால் அளந்த இவற்றைத் தராசிலும் கரண்டியிலும் அளந்தெழுதியவன் நான். அவருக்கு இன்னமும் அது வேடிக்கையாகவே இருக்கிறது.

இடித்த பொடியைத் தட்டிற் பரப்பி, சூடு தணிந்தபின் உலர்ந்த கண்ணாடிச் சாடியில் இடுக. ஈரக் கரண்டி அதனுட் செல்லலாகாது. இரண்டு மூன்று வாரம் சுவை கெடாது. அதற்குமேல் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஒருமுறையில் அரைக்கிலோவுக்கு மேல் இடிக்காமல், சாடி காலியான பின் மறுபடி முறத்தை எடுத்தாற் போதும்.