கரி டப்பா

ஃபுல் டாங்க் போடும்போது பம்ப் 'டக்'கென்று நின்ற பிறகும், "ரவுண்டா போட்டுடுங்க தம்பி" என்பது என் பல வருடப் பழக்கம்.

போன மாதம் காருக்குள் ஒரே பெட்ரோல் நெடி. பேத்தி வாந்தியெடுத்துவிட்டாள்.

மெக்கானிக் ஒரு கறுப்பு டப்பாவைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கரி. டாங்க்கில் கிளம்பும் பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். வண்டி ஓடும்போது ஒரு வால்வு திறந்து, இன்ஜின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். ஆவி போகவேண்டிய குழாயில், நான் ரவுண்டுக்காகத் திணித்த பெட்ரோலே போய்க் கரி ஊறிவிட்டது.

"டப்பாவையே மாத்தணும் சார்."

மாற்றியாயிற்று. இப்போது பம்ப் நின்றால் நானும் நிறுத்திவிடுகிறேன். சில்லறையை எண்ணிக் கொடுக்கிறேன். நெடியும் இல்லை. ஆனாலும் காரில் ஏறியதும் பேத்தி சொல்வது, "ஜன்னலைத் திற தாத்தா."