சுடும் மணல், உறையும் தண்ணீர்

போன ஜூனில் ஒரு சனிக்கிழமை, 31 பாகை வெயில். ஸ்காபரோவில் பிளஃபர்ஸ் பார்க் பீச்சுக்குப் போனோம். மணலில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை.

"பாயாதை தம்பி. தண்ணி இன்னும் சூடேறேல்லை," என்றார் அப்பா. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன் (எழுதவே வெட்கமாக இருக்கிறது). ஓடிப்போய்ப் பாய்ந்தேன்.

மூச்சு அடைத்துவிட்டது. கத்தவும் முடியவில்லை. சட்டையோடு இறங்கிய அப்பாதான் இழுத்து வந்தார்.

தன்வெப்பக் கொள்ளளவுப் பாடத்தில் நல்ல மார்க்ஸ் வாங்கியவன் நான். ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். காய்ந்த மணலுக்குச் சுமார் 0.8 போதும். அதே எடைக்கு அதே வெப்பம் கொடுத்தால் மணல் ஐந்து மடங்கு கூடுதலாகச் சூடேறும். அதோடு, மணலில் மேல் படை மட்டும்தான் சுடும். ஏரியோ அலையடித்துக் கலந்து, சூட்டைக் கீழே கொண்டுபோய்விடும். ஒன்ராறியோ ஏரி சில இடங்களில் 240 மீட்டருக்கும் மேல் ஆழம். ஜூனில் அது இன்னும் பனிக்காலத்தை மறந்திருக்காது.

அப்பாவுக்கு இந்த எண்கள் தெரியாது. வல்வெட்டித்துறைக்காரர். இரவில் தரை கெதியாக ஆறிவிடும், கடல் ஆறாது, அதனால் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும், அப்பப்பா காலத்தில் அந்தக் காற்றுக்குத்தான் பாய் விரித்து வள்ளம் இறக்குவார்கள் என்று திரும்பி வரும்போது சொன்னார். 31 பாகை வெயிலில், எனக்காகக் காரில் ஹீட்டரைப் போட்டுவிட்டு.