முகம் மாறிய பொண்ட்

2012 டிசம்பர் பாடசாலை விடுமுறையில் டிக்கோயாவில் உள்ள தங்கையின் வீட்டில் மூன்று நாள்கள் தங்கியிருந்தேன். அடைமழை. வெளியே தேயிலைச் சரிவு பனிமூட்டத்தில் மறைந்திருந்தது. பதினாறு வயது மருமகன் தொலைக்காட்சியின் முன் பிளேஸ்டேஷன் 3 கருவியோடு அமர்ந்திருந்தான். கட்டாரில் பணிபுரியும் அவனுடைய தந்தை அனுப்பியது அது. என்னைத் திரும்பிப் பாராமலே கேட்டான்: "மாமா, இது நீங்க நல்லா இருக்கும்னு எழுதின கேம்தானே?"

ஆம், எழுதினேன். ஒக்டோபரில், பொண்ட் திரைப்படங்களின் பொன்விழாவையொட்டி, '007 லெஜன்ட்ஸ்' என்ற விளையாட்டைப் பற்றி அரைப் பத்தி. நிறுவனத்தின் விளம்பர அறிக்கையை நல்ல தமிழில் பெயர்த்து, என் பங்குக்கு 'இரசிகர்களுக்குப் பெருவிருந்து' என்ற சொற்களையும் சேர்த்திருந்தேன். அந்த வரியை நம்பி அவன் சேமித்த பணம் முழுவதையும் கொடுத்து, கண்டிக்குப் போய் இறுவட்டை வாங்கி வந்திருக்கிறான்.

இத்தொடரின் பழைய பெருமையை அறியாதவர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். 1997இல் பிரித்தானியாவின் ரெயர் நிறுவனம் நின்டெண்டோ 64 கருவிக்காக ஆக்கிய 'கோல்டன் ஐ 007' எண்பது இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றது. மார்ட்டின் ஹொலிஸ் தலைமையிலான அந்தச் சிறு குழுவினருள் பலர் அதற்கு முன் ஒரு விளையாட்டையும் ஆக்கியவர்களல்லர். ஆயினும் ஒளிந்து செல்லல், கண்காணிப்புக் கமராவை உடைத்தல், ஓசையின்றிச் சுடுதல் என உளவாளிக்குரிய காரியங்களை ஆடுபவன் கைக்கே அவர்கள் கொடுத்தார்கள். நான்கு பேர் ஒரே திரையைப் பங்கிட்டு விளையாடவும் வழி செய்தார்கள். பிறகு வந்த பொண்ட் விளையாட்டுகள் அனைத்தும் அந்த அண்ணனோடு ஒப்பிடப்பட்டே வளர்ந்த தம்பிகள்.

'லெஜன்ட்ஸ்' எடுத்துக்கொண்ட எண்ணம் பெரிது. 'ஸ்கைஃபோல்' படத்தின் தொடக்கத்தில் குண்டடிபட்டு நீரில் விழும் பொண்ட், தன் பழைய சாகசங்களை நினைத்துப் பார்க்கிறான். கோல்ட்ஃபிங்கர் (1964), ஒன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரட் சேர்விஸ் (1969), மூன்ரேக்கர் (1979), லைசென்ஸ் டு கில் (1989), டை அனதர் டே (2002) என ஐந்து படங்களின் கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆறாவதான ஸ்கைஃபோல் இறுவட்டிலேயே இல்லை. பின்னர் இணையம் வழியே இறக்கிக்கொள்ளவேண்டும். எங்கள் மலையில் அப்போதிருந்த இணைய வேகத்தில் அது ஓர் இரவு வேலை.

நானும் அருகில் அமர்ந்து பார்த்தேன். எந்தப் படமாயினும் நடப்பது ஒன்றுதான்: நடைபாதை, பெட்டிகளுக்குப் பின்னே எதிரிகள், சுடு, அடுத்த நடைபாதை. தங்கக் கிடங்கும் பனி மாளிகையும் விண்வெளி நிலையமும் திரைச்சீலைகளாகத் தொங்கின. மறைந்து போகலாமென்று முயன்றால் ஒருவன் கண்டுவிடுவான், அபாய மணி அலறும், மீண்டும் சுடவேண்டும். வில்லன்களோடு நிகழும் கைச்சண்டை, திரை காட்டும் திசையில் கருவியின் குமிழைத் தள்ளுவதோடு முடிந்தது. டிராக்ஸுக்கு மைக்கல் லொன்ஸ்டேலும், கிரேவ்ஸுக்கு டோபி ஸ்டீவன்ஸும், அசல் நடிகர்களே மீண்டும் வந்து குரல் கொடுத்திருந்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

பொண்ட் மட்டும் எல்லாக் கதையிலும் டானியல் கிரேக்கின் முகத்தோடு வந்தான். குரலோ கிரேக்குடையதன்று, வேறொருவருடையது.

பின்னால் கம்பளி போர்த்தி அமர்ந்திருந்த என் தந்தை, மூன்ரேக்கர் பகுதி வந்ததும் நிமிர்ந்தார். ஓயாமல் கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் இடையே ஓடிய மனிதர் அவர். நான் எட்டாம் வகுப்பில் படித்த காலத்தில், சம்பளம் போட்ட ஒரு ஞாயிறு, அட்டன் திரையரங்குக்கு என்னை அழைத்துச் சென்று காட்டிய படம் அது. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாதவர், ரோஜர் மூரின் புருவத்தை மட்டும் பார்த்தே கதையைப் புரிந்துகொண்டு சிரித்தார். இப்போது திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது அந்த ஆளு இல்லையே தம்பி."

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்த விளையாட்டை ஆக்கிய யூரோகொம் இங்கிலாந்தின் டெர்பி நகரில் இருந்தது. 'நைட்ஃபயர்' போன்ற முந்தைய பொண்ட் விளையாட்டுகளிலும் உழைத்த நிறுவனம். 'லெஜன்ட்ஸ்' வெளிவந்த மறுமாதமே ஊழியருள் பெரும்பான்மையோரை நிறுத்தியது. டிசம்பரில், நாங்கள் விளையாடிக்கொண்டிருந்த அதே மாதத்தில், மூடப்பட்டது. திறமை இல்லாதவர்கள் என்று என்னால் எண்ண முடியவில்லை. விழாவின் திகதி முன்னரே குறிக்கப்பட்டுவிட்டது. திகதிக்குள் பண்டம் கடைக்கு வந்தாகவேண்டும். அத்தகைய வேலையின் இலட்சணத்தைப் பத்திரிகைக்காரனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

2017இல் எனக்கே அது வாய்த்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து நூற்றைம்பது ஆண்டு. சிறப்பிதழ் ஒன்றை என் பொறுப்பில் விட்டார்கள். காலம் குறைவு, விளம்பரம் மிகுதி. பழைய கட்டுரைகளை வெட்டி ஒட்டினேன். டெய்லர் வந்தார், லிப்டன் வந்தார், ஏற்றுமதிக் கணக்கு வந்தது. அட்டையில் கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் வண்ணப்படம். ஒரு விளம்பர முகவர் கொடுத்தது. 1948இல் குடியுரிமை பறிபோனது வரவில்லை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் வரவில்லை. அந்த ஒப்பந்தத்தின்கீழ்தான் என் பெரியப்பா குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போனார். அதன்பின் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை.

பிரதியைத் தந்தையிடம் பெருமையோடுதான் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதற்பக்கத்திலிருந்து கடைசிவரை நிதானமாகப் புரட்டினார். அட்டைக்குத் திரும்பி அந்தப் பெண்ணின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"யாரு தம்பி இது?" என்றார்.

இம்முறை மருமகன் சிரிக்கவில்லை. தந்தை 2019இல் காலமானார். பெரியப்பாவைப் பற்றி நான் இன்னும் எழுதவில்லை.

2020 நவம்பரில் டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் புதிய பொண்ட் விளையாட்டு ஒன்றை அறிவித்தது. கலைப் பக்கத்துக்கு அவசரமாக அரைப் பத்தி வேண்டுமென்று அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். விளையாட்டு வெளிவந்து, மருமகன் விளையாடி முடித்த பிறகு தருகிறேன் என்றேன். மறுமுனையில் இளைஞர் சிரித்துவிட்டு, வேறொருவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.