முத்தியால்பேட்டை மாடியில் ஒரு பம்பை

ஆடி பிறந்தால் புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். எல்.ஆர். ஈஸ்வரியின் பாட்டுகளுக்கு நடுவே, உள்ளூர் அம்மன்களின் பெயர் சொல்லிப் பாடும் புதுப் பாட்டுகளும் வரும். வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேருக்கு வடம்பிடித்துக் கொடுக்க இன்றும் கவர்னர் வருகிறார். அது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். அந்தத் தேருக்கென்றே ஒவ்வோர் ஆண்டும் பாட்டு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவற்றைச் சென்னையில் பதிவு செய்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். "முத்தியால்பேட்டையில, ஒரு மாடி ரூம்ல பண்றாங்க. வாங்க, காட்டறேன்" என்று கூட்டிப் போனார் ஒரு நண்பர்.

பத்துக்குப் பத்து அறை. பழைய பஞ்சு மெத்தைகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். துணி அடைத்த பீரோ திறந்தே கிடக்கிறது. பாடுகிறவர் அதைப் பார்த்து நின்றுதான் பாட வேண்டும். அப்போதுதான் குரல் துணியில் அடங்கும், சுவரில் பட்டுத் திரும்பாது. கண்டென்சர் மைக் ஒன்று இருக்கிறது. அதை எடுப்பது இரவு பதினொன்றுக்கு மேல்தான். பகலில் எடுத்தால் பக்கத்து வீட்டு மிக்ஸியும் பாட்டில் ஏறிவிடும். மற்ற நேரங்களில் மேடையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக்தான். டேக் ஓடும்போது ஃபேனை நிறுத்திவிடுகிறார்கள். புதுச்சேரிப் புழுக்கத்தில் அது சின்ன விஷயமில்லை.

மேஜையில் பழைய லேப்டாப், இரண்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், தனக்கென்று சத்தமே இல்லாத 49 கட்டை மிடி கீபோர்டு. லேப்டாப்பில் ரீப்பர் மென்பொருள். 60 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பழகிப் பார்க்கலாம். அதன்பின் தனிமனிதருக்கான உரிமம் 60 டாலர், நம் பணத்தில் ஐயாயிரம் ரூபாய் சொச்சம். ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டையொட்டி ஸ்டுடியோ கட்டியது 1989இல். அங்கே உருவான 'ரோஜா' 1992இல் வந்தது. அன்றைக்கு அப்படி ஓர் அறை அமைப்பது வசதியும் துணிச்சலும் இருந்தவர்களால் மட்டுமே முடிந்த காரியம். இன்றைக்கு அது சேதராப்பட்டு கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கும் பையனுக்கும் எட்டுகிறது.

அந்த அறைக்குச் சொந்தக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். அப்பா ரோடியர் மில் தொழிலாளி. ஏஎஃப்டி என்று பலகை மாறிய பிறகும் ஊர் அதை ரோடியர் மில் என்றுதான் சொன்னது. மாஸ்டர் பத்தொன்பது வயதில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போனார். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் என்று முகூர்த்த நாளெல்லாம் மேடைதான். பதினான்கு பேராக இருந்த குழு, பாடகர் குரல் மட்டும் இல்லாத இசைப்பதிவான மைனஸ் டிராக் வந்ததும் நான்கு பேரானது. பிறகு ஒரு பாடகரும் ஒரு லேப்டாப்பும் போதும் என்றாகிவிட்டது. "வயலின் வாசிச்ச அண்ணன் ஆட்டோ ஓட்டப் போயிட்டாரு சார். டிரம்ஸ்காரர் எங்க இருக்காருன்னே தெரியல" என்றார். 2020இல் ஊரடங்கு வந்து கல்யாணக் கச்சேரிகள் நின்றன. அந்த ஏப்ரல் 30ஆம் தேதியோடு மில்லும் மூடப்பட்டது, அங்கே இருந்த தம்பிக்கு வேலை போயிற்று. பெரிய கீபோர்டை விற்றுவிட்டு இந்த லேப்டாப்பை வாங்கினார்.

மாலையில் அவரிடம் கற்றுக்கொள்ள ஐந்தாறு பேர் வருகிறார்கள். முதல் வகுப்பில் மென்பொருளின் பொத்தான் எதையும் தொடவிடுவதில்லை. கிளிக் சத்தத்தைக் காதில் போட்டு ஆதி தாளத்தைக் கையால் தட்டச் சொல்கிறார், அதைப் பதிவு செய்கிறார். பிறகு திரையைப் பெரிதாக்கி, ஒவ்வொரு தட்டும் கோட்டுக்கு முன்னால் விழுந்ததா பின்னால் விழுந்ததா என்று காட்டுகிறார். கொயரில் பாடும் ஒரு பெண், தன் தட்டு எல்லாமே ஒரே அளவு தள்ளி விழுவதைப் பார்த்துத் திகைத்துப்போனார். "உன் மேல தப்பில்லம்மா, மெஷின் லேட்டு" என்றார் மாஸ்டர். நொடிக்கு 44,100 துண்டுகளாக ஒலியை அறுத்து, 1,024 துண்டு சேர்ந்த பிறகே கணினி அதைக் கையாளும்படி வைத்திருந்தார். அதற்கே 23 மில்லி செகண்ட் ஆகிறது. பாடுபவர் தன் குரலைக் கணினி வழியாகத் திரும்பக் கேட்க, போக வர ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க 3 மில்லி செகண்ட் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் பாடகி தன் குரலைப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று கேட்கிறார். அதை 128 துண்டாகக் குறைத்ததும் தாளம் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

நாதஸ்வரத்துக்கு மட்டும் மாஸ்டர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. கணினிக்குள் இருக்கும் நாதஸ்வரத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம். தோடியின் காந்தாரத்தை அப்படி நேராக அமுக்கினால் அது தோடியே இல்லை. கீபோர்டின் இடது ஓரத்தில் பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கிறது. மிடி கணக்கில் அதற்கு 16,384 நிலைகள். சக்கரத்தை முழுக்கத் தள்ளினால் இரண்டு அரைச்சுரம் ஏறும் என்பது வழக்கமான அமைப்பு. மாஸ்டர் ராகத்துக்கு ராகம் அந்த அளவை மாற்றிக்கொண்டு, இடது கைப் பெருவிரலால் அசைவைப் பிடிக்கிறார். நாலு வரிக்காக ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தார். விலை கொடுத்து வாங்கிய ஒலியில் உயிர் இல்லை. உயிர் அந்தப் பெருவிரலிலிருந்துதான் வருகிறது.

பம்பைக்கு அவர் வேறு வழி கண்டார். அம்மன் பாட்டுக்குப் பம்பை இல்லாமல் முடியாது. வெளிநாட்டுக் கம்பெனிகள் விற்கும் தாளக் கருவிகளின் தொகுப்புகளில் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஆகவே தானே செய்தார். பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பம்பைக்காரரை வரவழைத்து, ஒரு ராத்திரி முழுக்க வாசிக்க வைத்தார். பாட்டு இல்லை, தாளமும் இல்லை, தனித்தனி அடிகள். மரப் பம்பையில் குச்சி, வெங்கலப் பம்பையில் குச்சி, இழுப்பு, உருட்டல். ஒவ்வொன்றும் மெல்ல, சுமாராக, ஓங்கி, உச்சமாக என நான்கு அழுத்தங்களில். ஒவ்வோர் அழுத்தத்திலும் ஐந்து தடவை, ஏனென்றால் ஒரே அடி அச்சுப்போல் திரும்ப வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அவற்றைப் பொறுமையாக வெட்டி, ரீப்பரிலேயே இருக்கும் சாம்ப்ளரில் கட்டை வாரியாக அடுக்கினார். மெல்ல அமுக்கினால் மெல்லிய அடி, குத்தினால் உச்ச அடி. இப்போது அந்த ராத்திரியின் பம்பை பல பாட்டுகளில் ஒலிக்கிறது. அடிகளைக் கட்டத்தில் கச்சிதமாக ஒட்டவைக்கும் வசதியை மாணவர்கள் பம்பைக்குப் பயன்படுத்தவே கூடாது என்பது கண்டிப்பு. "சாமி வர்ற இடத்துல பம்பைக்காரர் ஒரு மயிரிழை முன்னால போவாரு. அத நேராக்கினா சாமி வராது."

அந்தக் கலைஞருக்கு அதற்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். "ஒரு ராத்திரி சம்பளம்தான் குடுத்தேன். அப்புறம் மனசு உறுத்துச்சு. இப்ப ஒவ்வொரு பாட்டுக்கும் அவரைக் கூப்ட்டு, மேல ஒரு லேயர் நிஜமா வாசிக்க வெச்சுச் சம்பளம் குடுக்கறேன்." மாஸ்டர் நல்ல மனுஷன், சரி. எல்லா மாஸ்டரும் அப்படி இருப்பார்களா? 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகிற கலைஞருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்கிறது. பம்பைக்காரரிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

மிக்ஸிங், மாஸ்டரிங் வேலைகளை இங்கே விவரிக்கப் போவதில்லை. பாட்டு முடிந்த பிறகு நடப்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பாட்டுக்கு எட்டாயிரம் என்று பேசி, பாடகருக்கும் பம்பைக்கும் கொடுத்தது போக மாஸ்டர் கையில் நிற்பது மூவாயிரம். அதையும் கொடுக்கிற, பாட்டை வாங்கி வெளியிடும் ஆடியோக்காரர் ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் தாளை நீட்டுகிறார். உலகம் முழுவதும், காலம் முழுவதும், இனி வரப்போகும் தொழில்நுட்பங்கள் உட்பட எல்லா உரிமையும் அவருக்கே. ஒருமுறை தான் போட்ட மெட்டைத் தானே வாசித்து ஒரு வீடியோத் தளத்தில் ஏற்றினார் மாஸ்டர். உரிமை மீறல் என்று அறிவிப்பு வந்தது! மெத்தை மாட்டியவன், ஃபேனை நிறுத்தி வியர்வையில் உட்கார்ந்தவன், பம்பையை அடியடியாக அடுக்கியவன் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். ஒரு சுரம்கூடப் போடாதவர் உள்ளே உட்கார்ந்து ஆண்டாண்டு காலம் காசு எண்ணுகிறார். இதை வியாபாரம் என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது. கருவியின் விலை குறைந்ததில் வந்த மிச்சம் கலைஞன் வீட்டுக்குப் போகவில்லை. தரகர் வீட்டுக்குத்தான் போயிருக்கிறது.

சட்டம் இப்படிச் சொல்லவே இல்லை. மெட்டு போட்டவரும் பாட்டு எழுதியவரும், உரிமை வாங்கியவரோடு ராயல்டியில் சம பங்கு பெறுவதை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது என்கிறது 18ஆம் பிரிவு. 19ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ராயல்டி வசூலித்துத் தர இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி 1969 முதல் இருக்கிறது. அதில் சேரலாம் என்பதுகூட மாடியறைக் கலைஞர்களுக்குத் தெரியவில்லை.

அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, அரசு நடத்துவது. இசை படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பிரிவுகளையும் தமிழில் ஒரு நாள் சொல்லிக் கொடுக்க அரசுக்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. செய்ய வேண்டும். அதுவரை, வீட்டிலேயே பாட்டு செய்யத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். யார் நீட்டும் தாளிலும் அங்கேயே நின்று கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போங்கள், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், எத்தனை ஆண்டுக்கு என்று எழுதச் சொல்லுங்கள், ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். பிரதி தர மாட்டேன் என்கிறவருக்குப் பாட்டைக் கொடுக்காதீர்கள்.