கறையில் உருக்கும் கரைந்த பம்பியும்

வெள்ளவத்தையிற் கடலை அடுத்த ஒழுங்கைகளில் வாழ்வோர்க்கு யன்னற் கம்பியின் துருவோடு ஓயாத போராட்டம். நாம் குடியிருக்கும் நுகேகொடை சற்றே உள்நிலத்தில் இருப்பதால் அத்தொல்லை நமக்குக் குறைவு. இரும்பு ஒன்றே; காற்றிலுள்ள உப்பின் அளவே வேறு. காற்றே இத்துணை செய்யுமாயின், அமிலத்தையும் காரத்தையும் இரவு பகலாக வயிற்றுள் வாங்கி வெளித்தள்ளும் ஆலைப் பம்பியின் நிலை யாதாகும்?

தமிழ் கற்பிப்போர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கென்று பழைய மாணவர் சிலர் நகைக்கலாம். காரணம் உண்டு. நம்மிடம் கற்ற ஒருவர் கொழும்புக்கு வெளியே, இரும்புக்கு நாகம் பூசும் ஆலையொன்றில் மேற்பார்வையாளராக இருக்கின்றார். நாகம் பூசுமுன் இரும்பின் துருவை ஐதரோகுளோரிக்கமிலத்திற் கழுவி நீக்குவர். அவ்வமிலத்தை ஏற்றுதற்குக் கறையில் உருக்காற் செய்த பம்பியொன்று வாங்கப்பட்டது. விலையும் உயர்வு, பளபளப்பும் மிகுதி. சில கிழமைகளுள் அதன் அச்சாணி வெளிவரும் இடத்திற் கசிவு கண்டது. பின்னொருநாள் அமிலம் பீறிட்டுத் தொழிலாளி ஒருவரின் முன்கையைச் சுட்டுவிட்டது. தொழிலாளர்க்குத் தமிழில் ஓர் அறிவித்தல் எழுதித் தரவேண்டுமென்று நம் வீடு தேடி வந்த மாணவர், “கறை பிடியாதெண்டுதானே சேர் பேரே வைச்சிருக்கிறாங்கள்?” என்றார்.

பெயர் பொய்யன்று, அதன் எல்லையைத்தான் வாங்கியவர் அறிந்திலர். இங்கிலாந்தின் செபீல்டு நகரில் 1913ஆம் ஆண்டு ஹரி பிரெயாளி வார்த்த உருக்கிற் குரோமியம் கலந்திருந்தது. குரோமியம் காற்றின் ஒட்சிசனோடு கூடிக் கண்ணுக்குத் தோன்றாத மென்படலமாய் உருக்கைப் போர்த்துக்கொள்ளும். கீறினாலும் அப்படலம் தானே மூடிக்கொள்ளும். ஆயின் குளோரைட்டு அப்படலத்தைத் துளைக்க வல்லது. ஐதரோகுளோரிக்கமிலத்தின் முன் படலம் நிற்பதேயில்லை. சமையலறையில் நூறாண்டு வாழக்கூடிய உருக்கு அத்தொட்டியிற் கரைந்துபோவதில் வியப்பில்லை.

நம் பாட்டிமார் இதனை வேறு வகையில் அறிந்திருந்தனர். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்திற் புளிக்குழம்பு வைத்தாரில்லை, அதற்கு மண்சட்டி. ஊறுகாய்க்குப் பீங்கான் சாடி. பாத்திரத்தின் விலையைப் பாராது உள்ளே நிற்கும் பொருளைப் பார்த்தனர். இரும்புக்குத் துரு, செம்புக்குக் களிம்பு என்று தனித்தனிப் பெயரிட்ட மொழி நம்முடையது. ஆணவமலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறிய சைவசித்தாந்திகளும் உலோகத்தின் இயல்பை நன்கு கண்டவர்களே.

நம் நாட்டில் இப்பாடத்தைக் கற்க ஏற்ற இடமாக ஒருகாலத்திற் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை விளங்கியது. 1950களில் எழுந்த அவ்வாலை ஆனையிறவின் உப்பைக் கரைத்து, மின்சாரம் செலுத்திப் பகுத்து, எரிசோடாவையும் குளோரீனையும் ஆக்கியது. போர் அதனை மூடியது. இத்தகைய ஆலையின் ஒரே கூரையின் கீழ் ஓடும் திரவங்களை எண்ணிப் பாருங்கள். உப்புக்கரைசல் சாதாரணக் கறையில் உருக்கிற் புள்ளி புள்ளியாய்க் குழி தோண்டும். றப்பர் உள்ளொட்டிய இரும்பு தாங்கும். எரிசோடா குளிர்ந்திருக்கையில் வெறும் வார்ப்பிரும்பே போதும். கொதித்துச் செறிந்தால் நிக்கல் வேண்டும். அலுமினியத்தையோ அது ஐதரசன் கிளம்பக் கரைத்துவிடும். ஈரக் குளோரீனுக்குத் தைத்தேனியம் நன்று. அதே தைத்தேனியம் உலர்ந்த குளோரீனைக் கண்டால் தீப்பற்றி எரியும்! உலர்ந்த குளோரீனுக்கோ மலிவான சாதாரண உருக்குப் போதும்.

குளோரீனை உலர்த்துவது செறிந்த சல்பூரிக்கமிலம். அதன் குணம் இன்னும் விந்தை. செறிவாய் இருக்கும்வரை இரும்பின்மேற் சல்பேற்றுப் படலம் படிந்து காக்கும். நீரை உறிஞ்சி ஐதாக ஐதாக இரும்பைத் தின்னத் தொடங்கும். குழாயில் விரைந்து ஓடினாலும் படலம் கழுவுண்டுபோம். மேலும், செறிந்த அமிலம் நீரைப்போல் 1.84 மடங்கு பாரமுடையது. நீருக்கென்று கணித்த மோட்டர் அதனைத் தூக்கமாட்டாது வெந்துபோகும். ஆகவே, “அமிலப் பம்பி ஒன்று தாருங்கள்” என்று கடையிற் கேட்பது, “நோய்க்கு ஒரு மருந்து தாருங்கள்” என்று கேட்பதை ஒக்கும். எந்த அமிலம், எத்துணைச் செறிவு, எத்துணை வெப்பம், கலந்துள்ள தூசு யாது என்பன சொல்லியாக வேண்டும்.

உடல் நல்லதாயினும் ஒரு சிறு வளையம் கெடுத்துவிடும். அமிலங்கள் பலவற்றைத் தாங்கும் புளோரின் றப்பர் வளையம், சூடான எரிசோடாவில் நைந்துபோகும். அச்சாணி உடலைத் துளைத்து வெளிவரும் இடமே எப்பம்பிக்கும் உயிர்நிலை. அத்துளையே இல்லாமல், சுவருக்கு வெளியே சுழலும் காந்தத்தால் உள்ளிருக்கும் சில்லைச் சுழற்றும் பம்பிகள் உள. நமக்கு அவை பெரிதும் பிடித்திருந்தன. மாணவர் தலையசைத்து மறுத்தார். கழுவும் தொட்டியில் இரும்புச் செதில் மிதக்கும். காந்தம் அதை ஈர்த்துத் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். முடிவில், தொட்டியின் மேலிருந்து செங்குத்தாய் இறங்கும் பொலிப்புரொப்பிலீன் பம்பியொன்றை ஆலையார் பூட்டினர். அமிலத்துள் அதற்கு அடைப்பு வளையமே இல்லை. விலையும் முன்னையதினுங் குறைவாம்.

காயமுற்றவர் தேறி வேலைக்குத் திரும்பிவிட்டார். தழும்பு மாத்திரம் இருக்கின்றது. அறிவித்தலை நாம் ஐந்து வரியில் எழுதினோம். பம்பி ஒவ்வொன்றின் மேலும் அதற்குரிய திரவத்தின் பெயரும் செறிவும் வெப்பமும் நிறத்தாற் பொறிக்கப்படல் வேண்டும் என்பது முதல்வரி. ‘கறையில் உருக்கு’ என்பதைத் தொழிலாளர் அறியார் என்றமையால் ‘எவர்சில்வர்’ என்றே இட்டோம். “எவர்சில்வர்ப் பம்பியை இத்தொட்டியிற் பூட்டற்க” என்று கண்டதும் மாணவர் சிரித்து, பேனாவை வாங்கிப் “பூட்ட வேண்டாம்” என்று திருத்திக்கொண்டு போனார்.