எங்களுக்கு ஞாயிறுதான் ஒன்றாம் தேதி

சம்பளக்காரருக்கு மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதி. சலூன் வைத்திருக்கிற எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒன்றாம் தேதி. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்ததும் அந்த ஞாயிறுகள் வரிசையாகப் போயின. எங்களைப் போன்ற டவுன்காரர்கள் கத்தரியைத் தொட மே கடைசி ஆகிவிட்டது. சென்னைக்காரர்கள் பாவம், ஜூன் வரை காத்திருந்தார்கள்.

வங்கித் தவணையை மூன்று மாதம் தள்ளிக் கட்டலாம் என்றது ரிசர்வ் வங்கி. (வட்டி மட்டும் ஊரடங்கு பார்க்கவில்லை.) தண்டல்காரருக்கு ரிசர்வ் வங்கியெல்லாம் ஒரு கணக்கா?

ரேஷனில் ஆயிரம் ரூபாய் வந்தது, மளிகையோடு சரி. பிறகு முடிதிருத்துவோருக்கு 2,000 என்று அறிவித்தார்கள். நலவாரிய அட்டை வைத்திருந்தவர்கள் மூச்சுவிட்டார்கள். அட்டை இல்லாதவர்களும் மனுக் கொடுக்கலாம் என்றதும் என் கடையில் பாதிக்குப் பாதி பேசி வேலை பார்த்த தம்பி கிளம்பினான். தொழிலுக்கு என்ன சான்று காட்டுவான்? உரிமம் கடைக்கு, வாடகைச் சீட்டு என் பேரில். கத்தரி பிடித்துக் காய்ப்பேறிய கட்டைவிரல்தான் அவனிடம் இருந்தது.

போனில் டிங் என்றால் வீட்டில் நான்கு தலை எட்டிப்பார்க்கும். ரீசார்ஜ் விளம்பரமாக இருக்கும்.

தொகை சிறிது என்பதுகூட எனக்குக் குறையில்லை. என்றைக்கு வரும் என்று சொல்லியிருந்தால், அந்தத் தேதியைச் சொல்லியாவது மளிகைக்கடை அண்ணாச்சியிடம் இன்னும் கொஞ்சம் கடன் கேட்டிருப்போம்.